என்ன பிராஞ்ச்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் கிராம்பு காயவைப்பது பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் ஒரு வரி: அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் என்கிற சின்ன ஆர்ட்ஸ் காலேஜில் இன்ஜினியரிங் படித்தவள் நான் என்று. கிராம்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்குப் பக்கம். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். 2006-ல் அங்கே போய் 2010-ல் முடித்தேன். இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட், கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் உலர்த்துகிற ட்ரையர் செய்யும் பட்டறை நடத்துகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குக் கணக்கும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும். நீங்கள் படித்தது ஆர்ட்ஸ் காலேஜ் என்கிறீர்கள், இன்ஜினியரிங் என்றும் சொல்கிறீர்கள். எங்கள் மாமா அதைப் படித்துவிட்டு, "ஆர்ட்ஸ் காலேஜ்ல ஏது இன்ஜினியரிங்? யாரோ ஏமாத்தியிருக்காங்க" என்கிறார். – பிளஸ் டூ மாணவி, திருவட்டாறு

மக்கா, மாமாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஆர்ட்ஸ் காலேஜ் என்றால் ஸ்காட், இந்துக் கல்லூரி மாதிரி பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற இடம். இன்ஜினியரிங்குக்குச் சுங்கான்கடைக்கோ கோணத்துக்கோ வேறு பஸ் ஏற வேண்டும். அங்கே 'லிபரல் ஆர்ட்ஸ்' என்பதில் கணக்கும் இயற்பியலும் அடக்கம். பெரும்பாலும் இளநிலைப் பட்டம் மட்டும்தான் இருக்கும். வகுப்புகள் சின்னவை. எதை முக்கியப் பாடமாக எடுத்தாலும் மற்றத் துறைகளிலும் கொஞ்சம் படித்தே தீர வேண்டும்.

ஸ்வார்த்மோர் 1864-ல் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவியது. பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். மொத்த மாணவர்கள் ஏறக்குறைய 1,600 பேர். நம் ஊர்ப் பெரிய மேல்நிலைப் பள்ளி ஒன்றின் கூட்டம்தான். இந்த மாதிரிக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜினியரிங் இல்லை. சிலவற்றில் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி 1795-ல் தொடங்கியது. 1845-லேயே அங்கே இன்ஜினியரிங் வந்துவிட்டது. பெண்கள் மட்டும் படிக்கும் ஸ்மித் கல்லூரியில் 1999-ல்தான் வந்தது. பென்சில்வேனியாவில் லஃபாயெட், கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்று இன்னும் சில. இன்ஜினியரிங் இல்லாத கல்லூரிகள் சிலவற்றில் 'மூன்று-இரண்டு' என்றொரு ஏற்பாடு இருக்கும். மூன்று வருடம் இங்கே, இரண்டு வருடம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தால் இரண்டு பட்டம் கிடைக்கும்.

ஸ்வார்த்மோரில் கிடைப்பது 'இன்ஜினியரிங்கில் பி.எஸ்.' அவ்வளவுதான். மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. என்று பட்டத்தில் பிரிவு கிடையாது. நான் முதல் விடுமுறைக்கு வந்தபோது குலசேகரத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பா கேட்டார், "என்ன பிராஞ்ச் பிள்ளே?" பிராஞ்ச் இல்லை என்றேன். அவர் அவியலை ஓரம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஃபெயிலாகி வந்தவளைப் பார்க்கிற பார்வை. அதற்கப்புறம் யார் கேட்டாலும் மெக்கானிக்கல் என்று சொல்லிவிடுவேன். பாதி உண்மைதான்.

பட்டம் பெற 32 பாடம் முடிக்க வேண்டும். பருவத்துக்கு நாலு வீதம் எட்டுப் பருவம். இன்ஜினியரிங், கணக்கு, அறிவியல் போக இலக்கியம், தத்துவம் மாதிரியான மானுடப் பாடங்கள் பக்கமும் சமூக அறிவியல் பக்கமும் தலா மூன்று பாடமாவது எடுக்க வேண்டும். உனக்கு வரலாறு பிடிக்கும் என்றால் அங்கே அதற்கு இடம் உண்டு. இரண்டிலும் பட்டம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது மொழியியல். சும்மா எடுத்த பாடம். பேராசிரியர் ஒருநாள், "உன் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசு" என்றார். நான் 'வந்தான்' என்றேன். "அதுதான் வீட்டில் சொல்வதா?" என்று மறுபடி கேட்டார். கொஞ்சம் தயங்கி 'வந்நான்' என்றேன். 'பறஞ்ஞான்' என்றும் சொன்னேன். விசாவுக்குச் சென்னை போனபோது, "மலையாளியா?" என்று நாலு பேராவது கேட்ட அதே பேச்சு. அவர் கரும்பலகையில் 'ந்த' எப்படி 'ந்ந' ஆகிறது என்று எழுதி, வகுப்பில் பாதி நேரம் அதையே பேசினார். எங்கள் விளவங்கோட்டுப் பேச்சுக்காக ஒரு கரும்பலகை முழுவதும் நிறைந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இன்ஜினியரிங்குக்கு இதனால் என்ன லாபம் என்று மாமா கேட்டால் பதில் இல்லை.

கேள்வி: நான் இங்கே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்களுக்கு யூனிட் ஐந்து, பதின்மூன்று மார்க் கேள்வி, அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு. அங்கே வகுப்பும் லேபும் உண்மையில் எப்படி இருக்கும்? – மாணவர், தக்கலை

முதல் பருவத்தில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். மெக்கானிக்ஸ் தேர்வு. வருகிற கேள்வி எனக்குத் தெரியும் என்று நினைத்து ஒரு நிறுவலை மனப்பாடமாக எழுதினேன், கமா கூட விடாமல். தாள் திரும்பி வந்தபோது நடுவில் ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் 'ஏன்?' என்று மட்டும் எழுதியிருந்தது. பாதி மார்க் போய்விட்டது. அந்த வரிக்கு ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நல்லவேளை, அங்கே முதல் பருவத்துக்கு கிரேடு கிடையாது, தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான்.

பாடத்திட்டத் தாளில் 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்று போட்டிருந்தது. அது அவருடைய ஆபீஸ் நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டு, அந்த நேரத்தில் அந்த வராந்தாப் பக்கமே போக மாட்டேன். ஆறு வாரம் கழித்து அவரே கேட்டார், "ஏன் நீ வருவதே இல்லை?" மாணவர்கள் சந்தேகம் கேட்க வருவதற்காகக் கதவைத் திறந்துவைத்து உட்காரும் நேரமாம் அது. போனேன். 'சார்' என்று எழுந்து நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். நாலு வருடமும் எனக்கு அது வரவில்லை. 'புரொஃபசர்' என்று ஒப்பேற்றினேன்.

முதுநிலை மாணவர்கள் இல்லாத இடம் என்பதால் லேபிலும் பேராசிரியரே நிற்பார். இது வசதி, அதே அளவுக்குத் தொல்லை. பதினைந்து பேர் வகுப்பில் பின்வரிசை என்று ஒன்று இல்லை. படிக்காமல் போனால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த பாடம் இ-12 என்று கூப்பிடுவோம், நேரியல் அமைப்புகள் பற்றியது. மார்த்தாண்டம் ரோட்டில் ஷாக் அப்சார்பர் போன பஸ் ஒரு குழியில் இறங்கினால் அடுத்த குழி வரை ஆடிக்கொண்டே போகும் அல்லவா? பஸ்ஸின் எடை, ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர், இந்த மூன்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதுவோம். அடுத்த வாரம் மின்சுற்று. எடை இருந்த இடத்தில் கம்பிச் சுருள், அப்சார்பர் இருந்த இடத்தில் ரெசிஸ்டர், ஸ்பிரிங் இருந்த இடத்தில் கெபாசிட்டர். எழுத்துகள்தான் மாறின, சமன்பாடு அதேதான். அதற்கடுத்து, மாடித் தொட்டியில் தண்ணீர் வடிவதும் கெபாசிட்டரில் சார்ஜ் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே கதை என்றார்கள். இங்கே இதை மெக்கானிக்கல்காரனுக்கு ஒரு பேப்பரிலும் எலெக்ட்ரிக்கல்காரனுக்கு இன்னொரு பேப்பரிலும் நடத்துகிறோம், இரண்டு பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்தாலும் அது தெரியாது. பிராஞ்ச் இல்லாத படிப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பாடத்தில்தான்.

கடைசி வருடம் இ-90, ஒவ்வொருவரும் ஒரு டிசைன் செய்து எல்லோர் முன்பும் விளக்க வேண்டும். நான் எடுத்தது ரப்பர் ஷீட் உலர்த்தும் ட்ரையர். வழிகாட்டிப் பேராசிரியர் ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. சிரட்டையில் பால் எடுப்பது, ஆசிட் விட்டு உறையவைப்பது, ரோலரில் அடிப்பது, புகைப்புரையில் மூங்கில் கம்பில் நாலு நாள் தொங்கவிடுவது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "ஏன் புகை? வெறும் சூடு போதாதா?"

பிறந்ததிலிருந்து அந்தப் புகையில் வளர்ந்தவள். எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் மாதம், மாலை ஐந்தரைக்கே கும்மிருட்டு. அப்போது நம் ஊரில் விடிகாலை நாலு மணி. அப்பா தலையில் லைட் கட்டிக்கொண்டு வெட்டப் போயிருப்பார். போன் போட்டேன். மரத்தில் கத்தி இழுக்கிற சத்தம் கேட்டது. "புகை இல்லேன்னா பூசணம் பிடிச்சுப் போகும், வேறென்ன" என்றார். "இதைக் கேக்கவா இந்த நேரத்துல விளிச்ச?" மறுநாள் போய்ச் சொன்னேன். பேராசிரியர் நூலகத்தில் தேட அனுப்பினார். புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் பூசணத்தைத் தடுக்கின்றன என்று எழுதியிருந்தது. அப்பா சொன்னதுதான், கொஞ்சம் நீளமாக.

அடுத்த கேள்வி, ஷீட்டை ஏன் 3 மில்லிமீட்டருக்கு அடிக்கிறீர்கள் என்பது. மேலே இருக்கும் ஈரம் சீக்கிரம் போய்விடும். உள்ளே இருப்பது ரப்பர் வழியாக மெல்ல ஊர்ந்துதான் வெளியே வர வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் காய்வதற்கு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் வெப்பத்தைக் கூட்டுவதைவிட இன்னொரு தடவை ரோலரில் விடுவது லாபம். அதிகம் சூடாக்கினால் ஷீட் கொப்பளிக்கும், அது வேறு. என் ட்ரையரைவிட இந்தக் கணக்குதான் எனக்கு மிச்சம்.

இன்னொன்று, தேர்வு. பக்கத்தில் ஹேவர்ஃபோர்ட் என்றொரு கல்லூரி. மாணவர்கள் இரண்டு இடத்திலும் பாடம் எடுக்கலாம், வேன் ஓடும். அங்கே ஒரு கணக்குப் பாடம் எடுத்தேன். அந்தக் கல்லூரியில் மாணவர்களே ஒத்துக்கொண்ட நேர்மை விதி ஒன்று உண்டு, தேர்வில் மேற்பார்வையாளர் கிடையாது. என் கையில் ஒரு கவரைக் கொடுத்து, மூன்று மணி நேரம், புத்தகம் பார்க்காதே, முடித்துக் கொண்டுவா என்றார்கள். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். புத்தகம் அலமாரியில் எனக்கு நேர் எதிரே. பத்தாம் வகுப்பில் பறக்கும் படை வந்து பென்சில் பாக்ஸைக் கவிழ்த்துப் பார்த்தபோது வராத வேர்வை அன்றைக்கு வந்தது.

கேள்வி: அங்கே சோறு கிடைக்குமா? – கல்லூரி மாணவர், கருங்கல்

கிடைக்கும். மரச்சீனியும் மீன்குழம்பும் கிடைக்காது. அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தை ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்து டிசம்பர் வரை ஓட்டினேன்.

கேள்வி: மகன் நன்றாகப் படிப்பான். இந்த மாதிரிக் கல்லூரிக்கு எவ்வளவு ஆகும்? ஒரு ஏஜென்சியில் 5 லட்சம் கொடுத்தால் இடமும் ஸ்காலர்ஷிப்பும் உறுதி என்கிறார்கள். ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது, ஈடு வைக்கலாமா? – ஒரு தகப்பனார், குலசேகரம்

அண்ணன், வைக்காதீர்கள். மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இப்போது வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல். நம் பணத்தில் 70 லட்சத்துக்கு மேல். நாலு வருடத்துக்கு இல்லை, ஒரு வருடத்துக்கு. இதைக் கட்டிப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே வழி கல்லூரி கொடுக்கும் நிதி உதவிதான். ஸ்வார்த்மோர் இடம் கொடுத்த மாணவருக்குக் குடும்ப வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டு, தேவைப்படும் தொகை முழுவதையும் கொடுத்துவிடும். 2008-லிருந்து அதில் கடன் என்ற பகுதியே கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா, எவ்வளவு கேட்கிறார் என்பதையும் பார்த்துத்தான் இடம் தருவார்கள். மொத்தத்தில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துக்கும் குறைவானவர்களுக்கே இடம். முழு உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. இந்தக் கதவை எந்த ஏஜென்சியும் 5 லட்சத்துக்குத் திறக்க முடியாது. உறுதி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். என் காலத்திலும் ஒருவர் வந்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மா கொடுத்த கட்டன் சாயா குடித்துவிட்டு, முன்பணமாக 40,000 கேட்டார். அப்பாவிடம் இல்லை. இல்லாததால் தப்பினோம்.

விண்ணப்பம் உங்கள் மகனே போடலாம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாது என்று பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்தால் தள்ளுபடி கேட்க முடியும். நிதி உதவிக்கான படிவம்தான் ஆளைக் கொல்லும். சம்பளச் சீட்டு கேட்பார்கள். ரப்பர் வெட்டுகிறவருக்கு ஏது சம்பளச் சீட்டு? நானும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, மாதம் எத்தனை நாள் வெட்டு, எத்தனை ஷீட், ஒட்டுப்பால் எவ்வளவு, கடையில் கிலோ என்ன விலை, மழைக்காலத்திலும் இலை உதிரும் மாதங்களிலும் வெட்டு இல்லை என்பது வரை எழுதினோம். தாசில்தார் அலுவலக வருமானச் சான்றும் அதன் மொழிபெயர்ப்பும் கூட வைத்தோம். அந்தத் தாளைத்தான் அவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். பொய் ஒரு வரிகூட வேண்டாம். ஒன்றுக்கொன்று இடித்தால் மொத்தமும் போகும்.

மேல்செலவு இருக்கிறது. எஸ்.ஏ.டி. என்கிற அமெரிக்க நுழைவுத் தேர்வு எழுத நான் திருவனந்தபுரம் போனேன். இப்போது அது கம்ப்யூட்டரில் நடக்கிறது. விசா நேர்காணலுக்கு நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னை. முதல் விமான டிக்கெட்டுக்கு அம்மாவின் இரண்டு வளையல். மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன்; வளையலை இரண்டாம் வருடம் மீட்டோம். விசா விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, பழைய கதையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இதோடு இங்கேயும் கவுன்சலிங்குக்குப் பையனை எழுதவையுங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் அது அவன் படிப்பின் குறையல்ல.

கேள்வி: மகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு ஆசை. பெண் பிள்ளை தனியாக, ஆணும் பெண்ணும் ஒரே ஹாஸ்டல் என்கிறார்கள். மாதா கோயிலுக்குப் போக வழி உண்டா? தங்கச்சி உண்மையைச் சொல்ல வேண்டும். – ஒரு தாய், முட்டம்

அக்கா, உண்மைதான். ஒரே கட்டிடத்தில் இருப்பார்கள். அறை வேறு; என் வராந்தாவில் குளியலறையும் வேறாக இருந்தது. முதல் வாரம் நான் பாத்ரூம் போகக்கூட துப்பட்டா போட்டுக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு ஒரே கணக்குத் தாளை வைத்துக்கொண்டு வராந்தாவில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் கண்ணும் சிவந்து கிடந்தது. அதில் யார் ஆண், யார் பெண் என்று பார்க்க யாருக்கும் தெம்பில்லை. அங்கே பிள்ளைகள் ஒரு பனியன் போட்டுக்கொண்டு திரிவார்கள், 'வேறெங்காவது என்றால் ஏ கிரேடு கிடைத்திருக்கும்' என்று எழுதியது. சிரிப்புக்குப் போடுவதுதான், ஆனால் சும்மா எழுதியதல்ல. பாடச் சுமைதான் பெரிய ஆபத்து. தூக்கம் கெட்டு, வீட்டு ஞாபகத்தில் சாப்பிடாமல் கிடந்து நான் ஒருமுறை மருத்துவ மையத்தில் படுத்திருக்கிறேன். அதை அம்மாவிடம் இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன். உங்கள் மகள் உங்களிடம் எதையும் சொல்கிறவளா என்று பாருங்கள். ஹாஸ்டலைவிட அதுதான் முக்கியம்.

கோயில் பக்கத்து ஊரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்தே போவேன். எப்போதும் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

கடற்கரை ஊரான முட்டத்துக்காரர் என்பதால் ஒன்று. நான் படித்தபோது பட்டம் பெற நீச்சல் தேர்வு பாஸாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் என்று சொன்னதும் பயிற்சியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மூன்று பக்கமும் கடல்! உனக்கென்ன" என்றார். அருமனைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? குழித்துறை ஆற்றில் பெண் பிள்ளையை இறங்க விடாத வீடு எங்களுடையது. பதினெட்டு வயதில், கண்ணாடிக் கட்டிடத்துக்குள், வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கக் கால் அடித்தேன். பாஸானேன். உங்கள் மகளுக்கு இந்தப் பிரச்சினை இருக்காது.

வளாகமே ஒரு மரத்தோட்டம். ஸ்காட் ஆர்பரேட்டம் என்று பெயர், 1929-ல் தொடங்கியது. நம் நாகர்கோவில் ஸ்காட் காலேஜுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் முதல் கடிதத்தில் அதை எழுதியபோது அம்மாவுக்கு ஏனோ பெரிய நிம்மதி.

கேள்வி: இவ்வளவு படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருப்பது நஷ்டம் இல்லையா? அந்தப் படிப்பில் குறையே கிடையாதா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

குறை இருக்கிறது சார். ஒவ்வொரு துறையிலும் மூன்று நாலு பாடத்துக்கு மேல் ஆழமாகப் போக முடியாது. ராக்கெட், கப்பல் கட்டுமானம் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளை அங்கே போனால் இரண்டாம் வருடமே தவிக்கும். அதற்குப் பெரிய பல்கலைக்கழகம்தான் சரி. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளும் பெரிய இடங்களுக்குத்தான் கூட்டமாகப் போகும். இங்கே வந்தால் பெயரே யாருக்கும் தெரியாது. பட்டறைக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது மேனேஜர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் பிராஞ்ச் எங்கே போட்டிருக்கிறது?" என்றார். அரசு வேலைக்கு நினைத்திருந்தால் சமானச் சான்று, பிரிவு என்று இன்னும் அலைந்திருப்பேன்.

நஷ்டமா என்று கேட்டீர்கள். அங்கே என்னோடு படித்தவர்களின் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ஆமாம். அதை நான் தினமும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கேள்வி: எங்களால் அமெரிக்கா போக முடியாது. இங்கேயே இருந்து அந்த மாதிரிப் படிப்பில் கொஞ்சமாவது கிடைக்க வழி உண்டா? – இன்ஜினியரிங் மாணவர்கள் நால்வர், மணவாளக்குறிச்சி

நாலு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஒரு சனிக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். செல்ஃபி எடுத்து முடித்தபின் அரை மணி நேரம் உட்காருங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில், ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பம்பு இல்லாமல் தண்ணீர் இந்த மலையிலிருந்து அந்த மலைக்குப் போகிறது. ஆளுக்கொரு கேள்வி எழுதுங்கள். தொட்டிக்கு எவ்வளவு சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும்? தொட்டி நிறைந்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை டன்? வெயிலில் கான்கிரீட் நீளுமே, அதற்கு எங்கே இடம் விட்டிருக்கிறார்கள்? நாலாவது ஆள் சிவில் கேள்வி கேட்கக் கூடாது. ஏன் இங்கே கட்டினார்கள், யார் நிலத்துக்குத் தண்ணீர் போனது, இன்று அந்த வயலெல்லாம் எங்கே என்று போய்க் கீழே இருக்கும் பெரியவர்களிடம் கேட்கட்டும். அடுத்த சனிக்கிழமை பதிலோடு கூடுங்கள். ஒருவர் சொல்லும்போது மற்ற மூன்று பேரும் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். கோபம் வரும். வரட்டும். மூன்றாவது வாரமும் கூடினால் எனக்கு எழுதுங்கள், வந்து உட்காருகிறேன்.

கேள்வி: ரப்பர் ட்ரையர் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். கடைசி வருடத்தில் டிசைன் செய்த அந்த ட்ரையரை அப்பா பயன்படுத்துகிறாரா? – ரப்பர் விவசாயி, ஆறுகாணி

2013-ல் வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கொடுத்தேன். வெயில் சூட்டில் காற்றை ஓட்டும் அமைப்பு, புகை இல்லை, விறகுச் செலவும் இல்லை. ஷீட் அழகாகக் காய்ந்தது, பூசணமும் பிடிக்கவில்லை. அப்பா ஒரு கட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், "புகை கேறல்லியே" என்று கிலோவுக்கு நாலு ரூபாய் குறைத்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் ட்ரையரில் நல்லமிளகு காய்ந்துகொண்டிருந்தது, ஷீட் பழைய புகைப்புரைக்குப் போய்விட்டது.

இப்போது ட்ரையரின் ஒரு பக்கம் சிரட்டை எரிக்கிற சின்ன அடுப்பு வைத்து, கடைசி நாள் மட்டும் புகை விடுகிற மாதிரி மாற்றியிருக்கிறேன். அந்த மாடல்தான் விற்கிறது.